மீட்டர் பீப் அடிக்குது, ஆனா பொருள் ஓடல: ரெசிஸ்டன்ஸ் எங்க ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிற வழி

ஏதாவது ஒண்ணு ஓடலன்னா கை தானா மல்டிமீட்டர் பக்கம் போயிடும், நாபை கன்டினியூட்டில (வயர் அறாம இருந்தா பீப் அடிக்கிற செட்டிங்) வச்சு வயரோட ரெண்டு முனையையும் தொட்டு பாப்போம், பீப்னு கத்துச்சுன்னா "வயர் நல்லாத்தான் இருக்கு"ன்னு முடிவு கட்டிட்டு அடுத்த இடத்துக்கு போயிடுவோம். நான் பாத்த வரைக்கும் பாதி நாள் வீணாப்போறது இந்த ஒரு பீப்பை நம்பித்தான். மீட்டர் அந்த வயருக்குள்ள அனுப்புறது ஒரு மில்லிஆம்பியர் மாதிரி தம்மாத்துண்டு கரண்ட், அதாவது ஒரு ஆம்பியர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நீங்க ஓட்டப்போற ஹீட்டரோ மோட்டாரோ 8 ஆம்பியர், 10 ஆம்பியர் கேக்கும். ஒத்தையடிப் பாதைல ஒரு ஆள் நடந்து போயிட்டார்னா அதுல லாரியும் போகும்னு அர்த்தம் இல்லல்ல, அதே கதைதான் இங்கயும்.

அதனால இதுல நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒண்ணே ஒண்ணுதான். லோடு, அதாவது கரண்ட் இழுக்குற பொருள், ஓடிட்டு இருக்கும்போது வோல்டேஜ் எந்த இடத்துல காணாமப் போகுதுன்னு பாருங்க, கோளாறு அங்கதான் இருக்கும். கீழ ஒவ்வொரு அறிகுறியா எழுதியிருக்கேன், உங்களோடது எதுவோ அதை எடுத்துக்கோங்க, ஆனா அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க, மீதி எல்லாம் இது மேலதான் நிக்குது.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு

செம்புக் கம்பில ஒவ்வொரு அணுவும் ஒரு எலக்ட்ரானை பொதுவுல விட்டுடுது, ஒரு கன மீட்டர் செம்புல கிட்டத்தட்ட 8.5 × 10^28 எலக்ட்ரான் இப்படி சும்மா அலைஞ்சுட்டு இருக்கு. வோல்டேஜ் குடுத்தா அந்தக் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கமா நகர ஆரம்பிக்குது, அதுதான் கரண்ட். எவ்ளோ வேகம்னு கணக்கு போட்டா ஆச்சரியமா இருக்கும், 1 சதுர மிமீ கம்பில 1 ஆம்பியர் ஓடினா எலக்ட்ரான் நகர்ற வேகம் ஒரு நொடிக்கு சுமாரா 0.07 மிமீ, ஒரு மீட்டர் தாண்ட மூணே முக்கா மணி நேரம் ஆகும். அப்போ சுவிட்ச் போட்ட உடனே எப்படி பல்பு எரியுதுன்னா, சைக்கிள் செயினை நெனச்சுக்கோங்க, பெடலை மிதிச்ச அந்த நொடியே பின் சக்கரம் சுத்துது, ஆனா கால்கிட்ட இருந்த செயின் கண்ணி பின்னாடி போய்ச் சேர நேரம் ஆகும். கம்பி முழுக்க ஏற்கனவே எலக்ட்ரான் நெறஞ்சுதான் இருக்கு, தள்ளுற செய்திதான் வேகமா போகுது.

இந்த செயின் உதாரணத்துல இன்னொரு விஷயமும் இருக்கு. செயின்ல எந்த இடத்துல பாத்தாலும் வேகம் ஒண்ணுதான். அதே மாதிரி ஒரே பாதையா போற சர்க்யூட்ல எங்க அளந்தாலும் கரண்ட் ஒண்ணுதான், ஹீட்டருக்குள்ள போகும்போது 8 ஆம்பியர்னா வெளிய வரும்போதும் 8 ஆம்பியர். "கரண்டை ஹீட்டர் சாப்பிடுது"ன்னு நெனச்சுட்டு தேடினா கோளாறு கெடைக்கவே கெடைக்காது. குறையுறது வோல்டேஜ். எங்க ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டோட வழியில தடை, இருக்கோ அங்க வோல்டேஜ் விழும், விழுந்த வோல்டேஜ் அந்த இடத்துலயே சூடா மாறும்.

நகர்ற எலக்ட்ரான்கள் அதிர்ந்துட்டு இருக்குற அணுக்கள் மேலயும், கலப்படம் மேலயும் மோதி மோதி போறதாலதான் ரெசிஸ்டன்ஸ் வருது. நீளம் கூடினா ரெசிஸ்டன்ஸ் கூடும், கம்பி தடிமன் கூடினா குறையும், சூடானா அணுக்கள் இன்னும் அதிகமா ஆடும்ங்கறதால உலோகத்துல ரெசிஸ்டன்ஸ் ஏறும், செம்புக்கு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். மனப்பாடம் பண்ணி வச்சுக்க வேண்டிய நம்பர் ஒண்ணுதான், 1 சதுர மிமீ செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு சுமாரா 0.017 ஓம். 2 சதுர மிமீன்னா பாதி, அரைன்னா ரெண்டு மடங்கு. கூடவே ரெண்டு கணக்கு: வோல்டேஜ் = கரண்ட் × ரெசிஸ்டன்ஸ், சூடு = கரண்ட் × கரண்ட் × ரெசிஸ்டன்ஸ். ரெண்டாவதுல கரண்ட் ரெண்டு தடவ வருது பாருங்க, அதனாலதான் கரண்ட் ரெண்டு மடங்கு ஆனா சூடு நாலு மடங்கு ஆகுது.

இன்னொண்ணு, உயிர் சம்பந்தப்பட்டது. இதுல 12 வோல்ட் மாதிரி சின்ன பேட்டரில ஓடுற சர்க்யூட்டை யார் வேணாலும் ஓடும்போதே அளக்கலாம், ஆனா வீட்டு மெயின் சப்ளைல லைவா அளக்குறது பழக்கம் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. நீங்க மெயின் ஆஃப் பண்ணி, ஆஃப் ஆயிடுச்சான்னு மீட்டர்ல உறுதி பண்ணிட்டு, கண்ணால பாக்குறது முகர்ந்து பாக்குறது வரைக்கும் பண்ணுங்க, அதுலயே பாதிக்கு மேல தெரிஞ்சிடும்.

அறிகுறி: பிளக் மட்டும் சுடுது, ஆனா பொருள் நல்லா ஓடுது

இதைத்தான் முதல்ல வைக்கிறேன், ஏன்னா ரொம்ப பேர் "ஓடுதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்"னு விடுறதும் இதுதான், தீப்பிடிக்கிறதும் இதுலதான்.

ஒரு தடவ ஒரு சாக்கெட்டை கழட்டினேன், ரூம்ல லேசா மீன் வாடை மாதிரி வருதுன்னு சொல்லி கூப்பிட்டாங்க. முன்னாடி பாத்தா ஒண்ணும் தெரியல, ஒரு ஓட்டை ஓரத்துல மட்டும் டீக்கறை மாதிரி லேசான பழுப்பு. பின்னாடி திருப்பினா ஒரு டெர்மினல் பளபளன்னு பித்தளையா இருக்கு, பக்கத்து டெர்மினல் கறுத்து, ஸ்க்ரூ தலைல நீலம் பாஞ்சு இருக்கு. அந்த ஸ்க்ரூல இருந்து ரெண்டு செமீ தூரத்துக்கு வயரோட இன்சுலேஷன் முறுக்கு மாதிரி மொறுமொறுன்னு ஆகி விரல் பட்டதும் உதிருது, அதுக்கு அந்தப் பக்கம் அதே வயர் நேத்து வாங்கினது மாதிரி வளைஞ்சு குடுக்குது. ஸ்க்ரூவை தொட்டா அரை சுத்து தானா சுத்துச்சு. அந்த ரெண்டு செமீதான் மொத்த கதையும். கரண்ட் வயர் முழுக்க ஒரே அளவுதான் ஓடியிருக்கு, ஆனா வெந்து போனது ரெசிஸ்டன்ஸ் இருந்த இடம் மட்டும்.

ஏன் இப்படின்னா, ரெண்டு உலோகத்தை ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தினா கண்ணுக்கு முழுசா ஒட்டின மாதிரி தெரியும், உண்மைல மேடு பள்ளமா இருக்குறதுல சில மேடுகள் மட்டும்தான் தொட்டுட்டு இருக்கும், கரண்ட் மொத்தமும் அந்த குட்டிக் குட்டி புள்ளி வழியாதான் நெருக்கிட்டு போகணும். அழுத்தம் கூடினா மேடு நசுங்கி தொடுற பரப்பு கூடும், ஸ்க்ரூ லூஸ் ஆனா ரெண்டு மூணு புள்ளிதான் மிச்சம். இப்போ அந்த ஜாயிண்ட்ல 0.5 ஓம் வந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க, 8 ஆம்பியர் ஓடுது, 4 வோல்ட் அங்க விழுது, 32 வாட் சூடு. 25 வாட் சால்டரிங் அயன் 183 டிகிரில உருகுற சால்டரிங் ஈயத்தை சுலபமா உருக்கிடும், அதை விட பெருசா ஒண்ணை சாக்கெட்டுக்குள்ள வச்சு மூடின மாதிரி.

இதுல எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) ஏன் விழலன்னு கேப்பாங்க. எம்சிபிக்கு தெரியுறது கரண்ட் அதிகமாச்சா இல்லையாங்கறது மட்டும்தான். லூஸ் கான்டாக்ட்ல கரண்ட் கூடல, சொல்லப்போனா ஒரு துளி கொறஞ்சிருக்கு. 230 வோல்ட்ல 4 வோல்ட் போனா ஹீட்டருக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. ஃபியூஸ் இருக்கு, எம்சிபி இருக்குன்னு இந்த விஷயத்துல தைரியமா இருக்கவே கூடாது, கை வச்சு பாத்து மூக்கை வச்சு பாத்துதான் கண்டுபிடிக்கணும்.

இது தானா சரியாகவும் செய்யாது, மோசமாத்தான் ஆகும். சூடானா உலோகத்துல ஆக்ஸைடு படலம் ஏறும், சாக்கெட்டுக்குள்ள பின்னை கவ்வுற ஸ்பிரிங் பதம் போயிடும், அழுத்தம் குறையும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும், இன்னும் சூடு. அதனால ஸ்க்ரூவை மட்டும் முறுக்கி விட்டுட்டு வராதீங்க. கறுத்த வயரை நல்ல செம்பு நெறம் வர்ற வரைக்கும் பின்னாடி வெட்டுங்க, சாக்கெட்டை மாத்துங்க, பிளக் பின் கறுத்திருந்தா பிளக்கையும் மாத்துங்க, ஏன்னா கெட்டுப்போன பின் புது சாக்கெட்டையும் ஒரு மாசத்துல கெடுத்துடும்.

அலுமினிய வயர் வந்து செம்பு வயரோட சேர்ற இடம்னா இன்னும் ரெண்டு பங்கு கவனம் வேணும். அலுமினியம் காத்துல பட்ட உடனே மேல ஒரு ஆக்ஸைடு படலம் போத்திக்கும், அது கரண்டை விடாது. சூடானா செம்பை விட அதிகமா விரியும், அழுத்தத்துல மெதுவா நசுங்கிக்கிட்டே போகும், அதனால இன்னைக்கு டைட்டா வச்ச ஸ்க்ரூ சில மாசத்துல லூஸ் ஆகிடும். ஈரம் பட்டா ரெண்டு உலோகத்துக்கு நடுவுல அரிப்பு வேற. அதுக்குன்னே இருக்குற கனெக்டரும் பேஸ்ட்டும் போட்டு பண்றதுதான் முறை, முறுக்கி டேப் சுத்துறது கூடவே கூடாது.

அறிகுறி: வயர் முழு நீளத்துக்கும் வெதுவெதுன்னு இருக்கு, பெரிய லோடு போட்டா வேகம் குறையுது

ஒரு இடம் மட்டும் சுட்டா ஜாயிண்ட், முழுசா சுட்டா வயர் சைஸ் பத்தலன்னு அர்த்தம். வயர் மேல கையை ஓட்டிக்கிட்டே போனாலே இது தெரிஞ்சிடும்.

30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒண்ணை எடுத்துக்குவோம், 1 சதுர மிமீ கம்பி. போற வழி 30, திரும்பி வர்ற வழி 30, ஆக 60 மீட்டர், சுமாரா 1 ஓம். திரும்பி வர்றதை மறந்துடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. 8 ஆம்பியர் ஓட்டினா 8 வோல்ட் வயர்லயே போயிடும், 64 வாட் சூடு, ஆனா அது 60 மீட்டர்ல பரவியிருக்கறதால ஒரு மீட்டருக்கு 1 வாட்தான், நீட்டி போட்டிருந்தா காத்துல கலைஞ்சு போயிடும். இதையே ரீல்ல சுத்தின மேனிக்கு ஓட்டினா அந்த 64 வாட்டும் ஒரு பந்துக்குள்ள மாட்டிக்கும், வெளிய போக வழி இல்ல, நடு சுத்துல இருக்குற வயர்தான் முதல்ல வேகும். சாதாரண பிவிசி இன்சுலேஷன் தாங்குறது 70 டிகிரி பக்கம், அதுக்கு மேல இளகி ரெண்டு கம்பியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். "காயில் மாதிரி சுத்தினதால காந்தம் ஆகி சூடாகுது"ன்னு ஒரு விளக்கம் சுத்திட்டு இருக்கு, அது சரியில்ல, போற கரண்டும் வர்ற கரண்டும் ஒரே வயர்ல எதிர் எதிரா ஓடுறதால காந்தப்புலம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுடும். சூடு வெளிய போக முடியலங்கறதுதான் காரணம். முழுசா அவுத்து போட்டு ஓட்டுங்க, பத்தலன்னா தடிமனான வயர் வாங்குங்க, வேற வைத்தியம் கெடையாது.

மோட்டார்னா இது இன்னும் கெடுதல். ஹீட்டருக்கு வோல்டேஜ் குறைஞ்சா சூடு கொஞ்சம் கம்மியாகும், அவ்ளோதான். மோட்டார் லோடோட ஸ்டார்ட் ஆகும்போது நார்மலை விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த நேரத்துல வயர்லயும் பல மடங்கு வோல்டேஜ் விழும், மோட்டார் சுத்த முடியாம உறுமிக்கிட்டே நிக்கும், நின்ன மோட்டார் ஸ்டார்ட்டிங் கரண்டையே இழுத்துட்டு இருக்கும், வைண்டிங் போயிடும். "மோட்டார் வீக்"னு ரீவைண்டிங் பண்ண போறதுக்கு முன்னாடி நீளம் கம்மியான வயர்ல நேரா சப்ளை பக்கத்துல கொண்டு போய் போட்டு பாருங்க.

அறிகுறி: பீப் அடிக்குது, லோடு போட்டா செத்துடுது

தலைப்புல சொன்னது இதுதான். வளைஞ்சு வளைஞ்சு போற இடங்கள்ல, அயன் பாக்ஸ் வயர் கைப்பிடிக்குள்ள நுழையுற இடம், டிரில் மெஷின் வயர், ஹெட்போன் வயர், எல்லாத்துலயும் வரும். 0.75 சதுர மிமீ வயருக்குள்ள 0.2 மிமீ இழை 24 இருக்கும். வளைக்க வளைக்க ஒண்ணொண்ணா அறுந்து கடைசில ஒரே ஒரு இழை மிச்சம் இருக்குன்னு வைங்க, அறுந்த இடம் ஒரு செமீ. அந்த ஒரு இழையோட ரெசிஸ்டன்ஸ் எவ்ளோன்னு போட்டு பாத்தா 0.0055 ஓம்! உங்க மீட்டரோட ரெண்டு புரோபையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும், அது புரோப் வயரோட ரெசிஸ்டன்ஸ். அதுக்குள்ள இந்த 0.0055ஐ எங்க போய் தேடுறது. மீட்டர் கணக்குல வயர் பக்கா, ஆனா 10 ஆம்பியரை அந்த தலைமுடி சைஸ் இழை தாங்குமா, சிவந்து அறுந்துடும், இல்லன்னா தொட்டும் தொடாம நின்னு உள்ளயே ஸ்பார்க் அடிக்கும்.

கண்டுபிடிக்கிற வழி, பிளக்கை கழட்டிட்டு மீட்டரை மாட்டி வச்சுட்டு வயரை ஒவ்வொரு நாலு விரற்கடைக்கும் மெதுவா வளைச்சுக்கிட்டே வாங்க, பீப் ஒரு இடத்துல விட்டு விட்டு வரும். சில சமயம் அதுலயும் தெரியாது, அப்போ விரலால நசுக்கிட்டே போனா அறுந்த இடத்துல வயர் தொளதொளன்னு இருக்கும், மத்த இடம் விறைப்பா இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்டி எறிங்க.

சூடானதும் நின்னுடுது, ஆறினா மறுபடி ஓடுதுன்னா அதுவும் இந்தக் குடும்பம்தான், கிராக் விட்ட ஜாயிண்ட் சூட்டுல விரிஞ்சு பிரியுது, ஆறினா சேருது. தெர்மல் கட்டவுட் (சூடு அதிகமானா தானா நிறுத்துற சுவிட்ச்) இருக்குற பொருளா இருந்தா முதல்ல அதை சந்தேகப்படுங்க.

அறிகுறி: மீட்டர் 230 காட்டுது, ஆனா எதுவுமே எரியல

இதுல நெறைய பேர் பொருள் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. டிஜிட்டல் மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் பொதுவா 10 மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம். வழில எங்கயோ ஒரு ஜாயிண்ட் கரி புடிச்சு 10,000 ஓம் ஆகிடுச்சுன்னு வைங்க, ஒரு கோடிக்கு முன்னாடி பத்தாயிரம் ஒண்ணுமே இல்ல, மீட்டர் 229.8னு காட்டும். ஆனா அங்க ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டினா மொத்த வோல்டேஜும் அந்த கரி மேலயே விழுந்துடும், பல்புக்கு சில வோல்ட் கூட மிஞ்சாது. மீட்டர் பொய் சொல்லல, கரண்ட் இழுக்காத ஒரு ஆள்கிட்ட நாம தப்பான கேள்வி கேட்டுட்டோம். எலக்ட்ரீஷியன்கள் இன்னும் ஹோல்டர்ல ரெண்டு வயர் இழுத்த டெஸ்ட் லேம்ப்பை விடாம வச்சிருக்காங்கன்னா காரணம் இதுதான், அது கரண்ட் இழுத்து கேக்குது.

இதுக்கு நேர் எதிரா, எங்கயும் கனெக்ட் ஆகாத வயர்ல 60, 80 வோல்ட் காட்டி பயமுறுத்துறதும் உண்டு. பக்கத்துல லைவ் வயர் ஓடுறதால கப்பாசிட்டர் மாதிரி கொஞ்சூண்டு கரண்ட் தாவி வருது, மீட்டருக்கு அதுவே போதும். லோடு குடுத்தா சைபர் ஆகிடும். ஆனா அது வெறும் பேய் வோல்டேஜா, நிஜமான லீக்கேஜா அப்படிங்கறதை பழக்கம் உள்ளவங்க சோதிச்சு சொல்ற வரைக்கும் நிஜம்னே நெனச்சு கையை தள்ளி வைங்க.

அறிகுறி: வண்டில செல்ஃப் அடிச்சா டக் டக்னு மட்டும் சத்தம், பேட்டரி 12.6 காட்டுது

இந்த வழிமுறை எவ்ளோ அழகா வேலை செய்யும்னு காட்டுறதுக்கு இதை விட நல்ல இடம் இல்ல, 12 வோல்ட்ங்கறதால ஓடும்போதே தைரியமா அளக்கலாம். ஆனா ஸ்பேனர் நழுவி பிளஸ்ஸும் பாடியும் சேர்ந்துடாம பாத்துக்கோங்க, பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியர் கக்கும், மோதிரத்தை கழட்டி வைங்க.

கார் ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். 200 ஆம்பியருக்கு 0.01 ஓம் கூட அதிகம், 2 வோல்ட் போயிடும். 0.01 ஓமை எந்த சாதாரண மீட்டரும் ஓம்ஸ்ல காட்டாது. ஆனா 2 வோல்ட்டை பத்து வருஷம் பழைய மீட்டர் கூட காட்டிடும், அதுதான் இதுல இருக்குற நுணுக்கம்.

மீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. ஒரு புரோபை பேட்டரியோட ஈயக் குமிழ் நடுவுல குத்துங்க, இன்னொண்ணை அந்தக் குமிழை கவ்விட்டு இருக்குற கிளாம்ப்ல குத்துங்க. ஒண்ணை ஒண்ணு தொட்டுட்டு இருக்குற ரெண்டு உலோகம், சைபர்தான் வரணும். இப்போ ஒருத்தரை செல்ஃப் அடிக்க சொல்லுங்க. நான் ஒரு வண்டில இப்படி பண்ணப்போ 1.8 வோல்ட் காட்டுச்சு. கழட்டி பாத்தா குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவுல சாம்பல் நெறத்துல ஒரு மெல்லிசு படலம், அவ்ளோதான், அது ஸ்டார்ட்டரோட உயிரை எடுத்துட்டு இருந்துச்சு. உப்புத்தாள் போட்டு தேச்சு இறுக்கினதும் ஒரே அடில ஸ்டார்ட் ஆச்சு. புது பேட்டரி வாங்குறதுக்கு எல்லாரும் தயாரா இருந்தாங்க.

அங்க நல்லா இருந்தா அடுத்த துண்டுக்கு போங்க. பேட்டரி பிளஸ் குமிழ்ல இருந்து ஸ்டார்ட்டர் பிளஸ் போல்ட் வரைக்கும் செல்ஃப் அடிக்கும்போது எவ்ளோ, பேட்டரி மைனஸ் குமிழ்ல இருந்து இன்ஜின் பிளாக் வரைக்கும் எவ்ளோ. அரை வோல்ட்டுக்கு மேல வந்தா அந்தப் பக்கம் கோளாறு, பாதி தூரத்துல குத்தி பாருங்க, அதுலயும் பாதி, இப்படி நாலஞ்சு தடவைல கோளாறு ஒரு நட்டுக்குள்ள வந்து நிக்கும். மைனஸ் பக்கத்தை விட்டுடாதீங்க, இன்ஜினுக்கும் பாடிக்கும் போற எர்த் பட்டை துருப்பிடிச்சு நிக்கிறதை நெறைய பாத்திருக்கேன்.

ரெண்டு பக்கமும் நல்லா இருந்து, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி குமிழ் ரெண்டுக்கும் நடுவுலயே வோல்டேஜ் 12.6ல இருந்து 7, 8னு சரியுதுன்னா பெரும்பாலும் ரெசிஸ்டன்ஸ் பேட்டரிக்குள்ளயே இருக்கு. சும்மா இருக்கும்போது 12.6 காட்டுறதை வச்சு பேட்டரியை நல்லதுன்னு சொல்ல முடியாது. டார்ச் செல்லும் இப்படித்தான், கைல வச்சு அளந்தா 1.4, மாட்டினா எரியாது. வயசான செல்லுக்குள்ள 5 ஓம் சேர்ந்திருந்தா 0.2 ஆம்பியர் இழுத்த உடனே 1 வோல்ட் உள்ளயே செத்துடுது.

ரெசிஸ்டன்ஸ் அளவுக்கு யாரோட பேரை வச்சிருக்கோமோ அந்த ஜெர்மன் விஞ்ஞானி ஜார்ஜ் சைமன் ஓம் கூட இதே தொல்லைல மாட்டியிருக்கார். அவர் கம்பிகளை அளக்க ஆரம்பிச்சப்போ இருந்த செல்கள் கரண்ட் இழுக்க இழுக்க சரிஞ்சுட்டே போக, கணக்கு நிக்கல. அப்புறம் செம்பும் பிஸ்மத்தும் சேர்த்த தெர்மோகப்பிள் (ரெண்டு முனைக்கும் சூடு வேற வேறயா இருந்தா வோல்டேஜ் தர்ற ஜோடி) ஒண்ணை எடுத்து, ஒரு முனையை பனிக்கட்டிலயும் இன்னொண்ணை கொதிக்கிற தண்ணிலயும் வச்சு, அசையாத ஒரு வோல்டேஜை உண்டாக்கிட்டுதான் அளந்தார். 1827ல அவர் வெளியிட்டதுதான் இன்னைக்கு நாம போடுற கணக்கு. சப்ளை நிலையா நிக்குதான்னு பாத்துட்டு வயரை குத்தம் சொல்லணும்ங்கறது அன்னைல இருந்து மாறல.

அறிகுறி: போன் சார்ஜ் ஏறவே மாட்டேங்குது, சார்ஜர் நல்லாத்தான் இருக்கு

கேபிள். மெலிசான கேபிளுக்குள்ள இருக்குற கம்பி 0.08 சதுர மிமீ மாதிரி இருக்கும், ஒரு மீட்டர் கேபிள்னா போக வர 2 மீட்டர், 0.43 ஓம். 2 ஆம்பியர் ஓடினா 0.86 வோல்ட் போய் 5 வோல்ட் 4.14 ஆகிடும், போன் அதைப் பாத்து கரண்டை தானா குறைச்சுக்கும். 0.2 சதுர மிமீ கம்பி உள்ள கேபிள்ல அதே கரண்டுக்கு 0.34 வோல்ட்தான் போகும். மாத்தி பாருங்க, நீளம் கம்மியா உள்ளதா எடுங்க. 9 வோல்ட்ல ஓடுற வேக சார்ஜிங் வந்த காரணமும் இதுதான், அதே வாட்டை அதிக வோல்டேஜ்ல குடுத்தா கரண்ட் கம்மி, கேபிள்ல விழுறது கம்மி. ஊர் ஊரா மின்சாரம் கொண்டு போற டவர் லைன்ல லட்சக்கணக்கான வோல்ட் ஓட்டுறதுக்கும் இதே கணக்குதான்.

அறிகுறி: ஓம்ஸ்ல பாத்தா பல்பு ஷார்ட் மாதிரி இருக்கு

இது கோளாறே இல்ல. 230 வோல்ட் 60 வாட் குண்டு பல்புக்கு கணக்குப்படி 880 ஓம் வரணும், மீட்டர்ல வச்சா 60, 70 ஓம் பக்கம் காட்டும். எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரிக்கு மேல போகுது, அந்த சூட்டுல ரெசிஸ்டன்ஸ் பத்து பதினாலு மடங்கு ஏறிடும், நீங்க அளந்தது ஆறிக்கெடக்குற இழையை. சுவிட்ச் போட்ட நொடில பல்பு ஃபியூஸ் ஆகுறதுக்கு காரணமும் இதுதான், ஆறின இழைல முதல் நொடி கரண்ட் பல மடங்கு பாயுது.

ஹீட்டர், அயன் பாக்ஸ் எல்லாம் நிக்ரோம்ங்கற நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பி, அது சூட்டுக்கு அவ்வளவா மாறாது, அதனால 2,000 வாட் ஹீட்டர் ஆறியிருக்கும்போதே 25, 26 ஓம் காட்டினா சரியா இருக்குன்னு நம்பலாம். செம்பு வைண்டிங் நடுவுல நிக்கும், 20ல இருந்து 100 டிகிரிக்கு போனா 31 சதவீதம் ஏறும், சூடா இருக்குற மோட்டாரை அளந்துட்டு ஆறின மோட்டாரோட ஒப்பிடாதீங்க.

அறிகுறி: எம்சிபி விழுது

போட்ட உடனே விழுந்தா ஷார்ட், ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லாத பாதை ஒண்ணு கெடைச்சிருக்கு, உள்ள இருக்குற காயில் காந்தமாகி உடனே தட்டி விடுது. பத்து நிமிஷம் கழிச்சு விழுந்தா ஓவர்லோடு, உள்ள இருக்குற இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளைஞ்சு தட்டுது. பெரிய எம்சிபி மாத்திட்டா விழாதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, எம்சிபி காப்பாத்துறது வயரை, பெருசு போட்டா அப்புறம் வயர்தான் ஃபியூஸ்.

அறிகுறி: சில லைட் பளிச்னு கூடுது, அதே நேரம் சில லைட் மங்குது

இதைப் படிச்சிட்டு இருக்கும்போது உங்க இடத்துல நடந்துட்டு இருந்தா முதல்ல போய் மெயினை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் வந்து மீதியை படிங்க.

எல்லாமே சேர்ந்து மங்கினா வோல்டேஜ் டிராப், ஆனா ஒண்ணு கூடி ஒண்ணு குறைஞ்சா நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற பொது வயர்) விட்டுப்போச்சு. த்ரீ பேஸ் சப்ளைல வேற வேற பேஸ்ல இருக்குற லோடு எல்லாம் ஒரு நியூட்ரல்ல வந்து சேருது. அது அறுந்தா ரெண்டு பேஸ்ல இருக்குற பொருள்கள் தங்களுக்குள்ள சீரிஸ் ஆகி 400 வோல்ட்டுக்கு நடுவுல தொங்கும். சீரிஸ்ல ஒரே கரண்ட், அதனால யாருக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகமோ அவங்க மேல வோல்டேஜ் அதிகமா விழும். ஒரு பக்கம் 1,000 வாட் ஹீட்டர், அது 53 ஓம், இன்னொரு பக்கம் 100 வாட் பொருள், 529 ஓம்னு வைங்க, சின்னதுக்கு 360 வோல்ட்டுக்கு மேல போகும், ஹீட்டருக்கு 40 கூட வராது. டிவி, சார்ஜர், ஃபிரிட்ஜ் போர்டு மாதிரி மெலிசான பொருள்தான் முதல்ல வெடிக்கும். நியூட்ரல் அறுந்ததும் அந்தப் பக்கத்து வயர் தொட்டா அடிக்கும்ங்கறதையும் மறக்காதீங்க. இதை நீங்க நோண்டாதீங்க, சப்ளை குடுக்குறவங்களையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்க.

சரி பண்ணினதுக்கு அப்புறம்

"ஓடிடுச்சு"ன்னு மூடிடாதீங்க, லூஸ் கான்டாக்ட் கையை வச்ச உடனே கொஞ்ச நேரம் நல்ல புள்ளையா நடிக்கும். பேட்டரி சர்க்யூட்னா அதே லோடை ஓட்டி, முன்னாடி அளந்த அதே ரெண்டு புள்ளில மறுபடி புரோபை வைங்க. 1.8 வோல்ட் இருந்த இடத்துல சில பத்து மில்லிவோல்ட் வந்திருக்கணும், 0.6, 0.7னு வந்தா பாதிதான் சரியாகியிருக்கு, திரும்ப கழட்டுங்க. மெயின்ஸ்ல இருக்குற பிளக்னா முழு லோடுல இருபது நிமிஷம் ஓட்டி, ஆஃப் பண்ணி, பிளக்கை உருவி, பின்னை புறங்கையால தொடப் போற மாதிரி கிட்ட கொண்டு போய் பாருங்க. அனல் அடிச்சா தொட வேணாம், மறுபடி கழட்டுங்க. இல்லன்னா தொட்டு பாருங்க, ரெண்டு பின்னும் ஒரே மாதிரி வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, ஒண்ணு மட்டும் அதிகமா சுட்டா அந்தப் பக்கத்து டெர்மினலை இன்னொரு தடவ திறங்க.